சாலை முதலில் வருமா, வீடு முதலில் வருமா?

கடந்த நவம்பரில் இரண்டு நாள் தொடர்மழைக்குப் பிறகு பள்ளி திறந்த காலை அது. எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒன்பது பேர் இல்லை. பெயர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஒன்பது பேரும் ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கும் ஒரே நகரைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்கு மாறுதலாகி வந்தபோது நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலங்களில் இப்போது வெள்ளையும் மஞ்சளுமாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்வரிசைக்கும் ஒரு 'நகர்' பெயர் உண்டு.

முதல் பாடவேளை முடியும் நேரத்தில் அந்த நகரிலிருந்து பத்தாவதாக ஒரு மாணவி வந்து வாசலில் நின்றாள். முழங்கால் வரை சேறு. செருப்பு கையிலிருந்த கேரி பேக்கில்.

"ஏம்மா இப்படி? ரோட்டு மேல வரக் கூடாதா?"

"எங்க நகர்ல ரோடு இல்ல டீச்சர். பிளான்லதான் இருக்கு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் அந்த பிளானையே கொண்டுவந்துவிட்டாள். மனை வாங்கும்போது அவள் அப்பாவுக்குக் கொடுத்த பளபளப்பான தாள். 30 அடிச் சாலைகள், பச்சை நிறத்தில் பூங்கா, ஒரு மூலையில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதிய கட்டம். "இந்த பார்க் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அந்த இடத்துல ரெண்டு வீடு இருக்கு டீச்சர். பள்ளிக்கூட இடம் முள்ளுக்காடு" என்றாள்.

அந்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "டீச்சர், வருஷக்கணக்கா சீட்டுக் கட்டி வாங்கின மனை. நான் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டேன். ரோடு போட வேண்டியது யாரு? வித்தவரா, பஞ்சாயத்தா, கவர்மெண்டா? ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்டறாங்க."

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நேரான பதில் என்னிடம் இல்லை. "பார்த்துச் சொல்றேங்க" என்று அனுப்பிவைத்தேன்.

அந்தப் பதிலைத் தேடியதில் உருவானவைதான் இங்கே நான் பகிரும் நான்கு பாடவேளைகள். எட்டாம் வகுப்பின் நகரமயமாதல் பாடத்தோடு இணைத்து நடத்தினேன். பத்தாம் வகுப்பில் அரசாங்கமும் வரிகளும் நடத்தும் நண்பர்களும், ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி நடத்துகிறவர்களும் தேவையான பகுதியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பாடவேளைக்குக் கணக்கு ஆசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னைவிட உற்சாகமாகிவிட்டார்.

ஒரே மண், மூன்று விலை

முதல் நாள் வீட்டுப்பாடம் எளியது. ஊரில் மூன்று இடங்களில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும். பேருந்துச் சாலையோரம், சாலையிலிருந்து உள்ளே தெருவும் குழாயும் உள்ள பகுதி, ஏரிக்கரைக்கு அப்பால். பிள்ளைகள் புரோக்கர்களிடமே போய்க் கேட்டு வந்துவிட்டார்கள். சொன்ன விலைகள் ஆளுக்கு ஆள் மாறின. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். பேருந்துச் சாலையோரம் ஒரு சென்ட் வாங்கும் பணத்தில் ஏரிக்கு அப்பால் நான்கைந்து சென்ட் வாங்கலாம்.

"மண்ணுல ஏதாவது வித்தியாசமா?" என்று கேட்டேன். அதே செம்மண், அதே மழை, அதே ஊராட்சி. பிறகு எது விலையை மாற்றுகிறது? கரும்பலகையில் பட்டியல் நீண்டது. பஸ், கரண்ட், குழாய்த் தண்ணீர், சாக்கடை, ரேஷன் கடை, தெரு விளக்கு, நம் பள்ளி. (நம் பள்ளியும் பட்டியலில் வந்ததில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை.) அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தது யார் என்று எழுதச் சொன்னேன். அநேகமாக எல்லாமே அரசு, வாரியம், ஊராட்சி. கடைசிக் கேள்வி, விலை ஏறியபோது அந்தப் பணம் யாருக்குப் போனது? ஒரு பையன் பட்டென்று சொன்னான். "நிலத்துக்காரருக்கு."

இந்த ஒரு பதிலுக்காகவே ஒரு பாடவேளையைச் செலவிடலாம். பொதுப் பணத்தில் சாலை வருகிறது. சாலையோர நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. ஏறிய மதிப்பில் பெரும்பகுதி, எதுவும் செய்யாமல் நிலத்தை வைத்திருந்தவருக்குச் சேர்கிறது. அதில் ஒரு பங்கையாவது பொதுவுக்குத் திரும்ப வாங்கினால் அடுத்த சாலைக்குப் பணம் கிடைக்கும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் அடிப்படை இதுதான்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். "யார் யார் வீடு அங்கீகாரம் பெற்ற மனையில இருக்கு, கை தூக்குங்க" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். சிலர் தூக்கினார்கள். சிலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீடு புறம்போக்கில் இருப்பது எனக்குத் தெரியும், கேட்கும்போது நினைவுக்கு வரவில்லை. இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் பிள்ளைகளின் சொந்த வீட்டுப் பத்திரத்தையோ பட்டாவையோ வகுப்பில் பேசுபொருளாக்க வேண்டாம். ஊரைப் பற்றிப் பேசினால் போதும், அவரவர் வீடு தானாக அவரவர் மனதில் வந்துவிடும்.

எட்டுத் துண்டுக் காகிதம்

இரண்டாவது பாடவேளைக்குப் பழைய சார்ட் தாள், கத்தரிக்கோல், நிறப் பென்சில் போதும். ஒரு பெரிய தாளைக் கோணல்மாணலாக எட்டுத் துண்டாக வெட்டினேன். சில நீளமாக, சில முக்கோணமாக, சில நடுவில் மாட்டிக்கொள்ளும்படியாக. வயல்கள் அப்படித்தானே இருக்கின்றன. எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டு. கணக்கு எளிதாக இருக்க ஒவ்வொன்றும் 100 சென்ட் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் மட்டும் ஊர்ச் சாலை. "இந்த எட்டு ஏக்கர்லயும் வீடு வரணும். எல்லார் நிலத்துக்கும் வழி வேணும். பென்சில்ல ரோடு போடுங்க."

முதல் சுற்றில் கூச்சல்தான். சாலையோரத் துண்டை வைத்திருந்தவன் "எனக்கு ஏற்கெனவே ரோடு இருக்கு, நான் ஏன் இடம் விடணும்?" என்றான். நடுவில் மாட்டிக்கொண்டவள் கெஞ்சிப் பார்த்தாள். ஒருவன் தன் நிலத்தில் வழி விட்டான், ஆனால் மூன்றடிதான். லாரி எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, "பைக் போகும்" என்றான். சாக்கடைக்கும் பள்ளிக்கும் யாருமே இடம் ஒதுக்கவில்லை. பத்து நிமிடத்தில் எங்கள் ஊர் வரைபடம் மேசை மேல் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் விதியை மாற்றினேன். எல்லோரும் தங்கள் துண்டுகளை நடுவில் போட்டுவிட வேண்டும். மொத்தமாகத் திட்டமிட்டு, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே அளவில் 40 சென்ட் எடுத்துக்கொண்டு, மீதி 60 சென்ட்டைச் சாலை முகப்புள்ள நேரான மனையாகத் திருப்பித் தர வேண்டும். எடுத்த 40இல் 25 சாலை, வடிகால், பூங்கா, பள்ளிக்கு. மீதி 15 சென்ட் விற்பனைக்கு, அந்தப் பணத்தில்தான் வேலைகள் நடக்க வேண்டும்.

இது நான் கற்பனையில் செய்த விதி அல்ல. குஜராத்தில் நகரமைப்புத் திட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பழைய பம்பாய் மாகாணத்தின் 1915ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தில் தொடங்கிய முறை அது. இப்போது 1976ஆம் ஆண்டு குஜராத் சட்டத்தின்கீழ் தொடர்கிறது. விற்பனைக்கு 15 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளதுதான். அகமதாபாத்தைச் சுற்றியுள்ள சர்தார் படேல் வட்டச் சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதி இந்த வழியில் கிடைத்தது. யாருடைய நிலத்தையும் முழுதாகப் பிடுங்கவில்லை, எல்லோருடையதிலும் கொஞ்சம் குறைந்தது.

பிறகு கணக்கு. சாலை வருவதற்கு முன் ஒரு சென்ட் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 100 சென்ட்டின் மதிப்பு 1 கோடி. சாலை வந்த பிறகு சென்ட் 2 லட்சம் ஆனால், 60 சென்ட்டின் மதிப்பு 1 கோடியே 20 லட்சம். நிலம் குறைந்தும் மதிப்பு கூடுகிறது. "விலை ஏறலேன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். கணக்கு ஆசிரியர் சாக்பீஸை அவளிடமே கொடுத்தார். 1 கோடியை 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 67 ஆயிரம். அதற்குக் கீழே விலை நின்றால் நிலம் கொடுத்தவருக்கு நட்டம். நல்ல பேருந்து வசதியும் வேலை வாய்ப்பும் அருகில் இல்லாத இடத்தில் இந்த முறை ஏன் எடுபடாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்த கேள்விதான் அன்றைக்கு உச்சம். விற்பனைக்கு ஒதுக்கியது எட்டுப் பேரிடமும் சேர்த்து 120 சென்ட். சென்ட் 2 லட்சம் என்றால் 2 கோடியே 40 லட்சம். சாலைக்கும் வடிகாலுக்கும் 2 கோடி செலவாகும் என்று வைத்துக்கொண்டோம். "பார்த்தீங்களா, 40 லட்சம் மிச்சம்" என்றேன் பெருமையாக. ஏரிக்கு அப்பாலிருந்து வரும் அதே மாணவி எழுந்தாள்.

"டீச்சர், ரோடு போட்ட அப்புறம்தானே ரெண்டு லட்சம்? ரோடு போடுறப்ப ஏது காசு?"

வகுப்பு அமைதியானது. கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி அது. வரவு பின்னால், செலவு முன்னால். இடைப்பட்ட காலத்துக்கு யாராவது பணம் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கினால்? 2 கோடிக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனி வட்டி என்றால் ஆண்டுக்கு 16 லட்சம். மிச்சமுள்ள 40 லட்சம் இரண்டரை ஆண்டு வட்டிக்குத்தான் காணும். மனைகள் விற்க ஐந்து ஆண்டு ஆனால் வட்டி மட்டும் 80 லட்சம், மொத்தச் செலவு 2 கோடியே 80 லட்சம், வரவைவிட 40 லட்சம் அதிகம். அவசரக்காரக் கடனில் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் தனி ஆள் மனை போடும்போது முதலில் சாலையை விட்டுவிடுகிறார், அல்லது ஒரு லோடு கிராவலைக் கொட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. மனைப்பிரிவுக்குள்ளே இருக்கும் தெருவை மட்டும்தான் அவர் போட முடியும். அங்கிருந்து ஊருக்கு வரும் இணைப்புச் சாலை, ஏரிக் கால்வாய் மேல் பாலம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடிநீர்த் தொட்டி இவையெல்லாம் எந்த ஒரு மனைப்பிரிவுக்கும் உரியவை அல்ல. பத்து நகர்களுக்கும் பொது. ஒருவர் செய்தால் ஒன்பது பேர் இலவசமாக அனுபவிப்பார்கள் என்பதால் ஒருவரும் செய்யமாட்டார்கள். வீடு இல்லாததால் சாலை வரவில்லை, சாலை இல்லாததால் வீடு வரவில்லை என்று நிலம் சும்மா கிடக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க அரசு முன்பணம் போடுகிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே 2017இல் 230 கோடி பவுண்டுடன் வீட்டுவசதி உட்கட்டமைப்பு நிதி ஒன்றைத் தொடங்கினார்கள், பின்னர் தொகையைக் கூட்டினார்கள். அதிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பணம் போனது வீடு கட்ட அல்ல, வீடு கட்டத் தடையாக இருந்த சாலை, பாலம், வடிகால் போன்றவற்றுக்கு.

குழாய் இருக்கிறது, வீட்டைக் காணோம்

மூன்றாவது பாடவேளையை என் சொந்த நினைவிலிருந்து தொடங்கினேன். நான் மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, சென்னையில் சித்திக்கு மனை கிடைத்திருக்கிறது என்று அம்மா எங்களைக் கூட்டிப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்தோம். மணல்வெளி. வரிசை வரிசையாக ஆளுயரச் சிறு கட்டுமானங்கள். சித்தி ஒன்றைக் காட்டி "இதுதான் நம்ம வீடு" என்றார். ஒரு கழிப்பறை, பக்கத்தில் ஒரு குழாய், ஒட்டி நின்ற ஒரு சுவர். அவ்வளவுதான். என் அண்ணன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். "கக்கூஸ் இருக்கு, வீட்டைக் காணோமே சித்தி!" சித்திக்குக் கோபம் வரவில்லை. "தண்ணியும் சாக்கடையும் வந்துடுச்சுல்ல, வீடு வரும்" என்றார்.

சித்தி சொன்னது ஒரு பெரிய திட்டத்தின் சாரம் என்பது இந்தப் பாடத்துக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் குடிசை மாற்று வாரியம் ஏழைகளுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவில் தேவைப்படும் அத்தனை பேருக்கும் கட்டித்தர எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பணம் இல்லை. 1977இல் உலக வங்கிக் குழுமத்தின் சலுகைக் கடனோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் கேள்வியையே மாற்றிப் போட்டது. குடும்பங்களால் எதைச் செய்ய முடியாதோ அதை அரசு செய்யட்டும், எதைச் செய்ய முடியுமோ அதைக் குடும்பங்கள் செய்யட்டும். சுவரும் கூரையும் சிறுகச் சிறுகச் சேர்த்து யாரும் கட்டிக்கொள்வார்கள். சாக்கடைக் குழாயை எந்தக் குடும்பமும் தனியாகப் பதிக்க முடியாது. எனவே அரசுப் பணம் நிலத்துக்கும் தெருவுக்கும் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் போனது. 'சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்' என்று பெயர். தமிழில் மனையும் வசதிகளும் எனலாம்.

அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றும் முதலில் வந்தன. பின்னர் முகப்பேர், மதுரவாயல் போன்ற இடங்கள். அரும்பாக்கத்தில் இருக்கும் எம்.எம்.டி.ஏ. காலனி பெயரைப் பலரும் பஸ் பலகையில் பார்த்திருப்பீர்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பழைய ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் அது. குழுமம் தன் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது, காலனி மாற்றிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அதன் பணக் கணக்கு. ஏறத்தாழ ஒரு சென்ட் அளவுள்ள சின்ன மனைகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தவணையில். அதே மனைப்பிரிவிலேயே பெரிய மனைகளும் கடை மனைகளும் சந்தை விலைக்கு. பெரியதில் கிடைத்த லாபம் சின்னதின் விலையைக் குறைத்தது. இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஏழைகளை மட்டும் ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்காமல் பலதரப்பட்டவர்களும் ஒரே தெருக்களில் குடியேறினார்கள். கடைக்காரரும் வந்தார், கடையில் வேலை செய்பவரும் வந்தார்.

திட்டத்துக்கு அப்போது நல்ல பெயர் இல்லை என்பதையும் வகுப்பில் சொன்னேன். மனைகள் வெகுகாலம் காலியாகக் கிடந்தன. ஊரிலிருந்து தூரம், வேலைக்குப் போக பஸ் போதாது, ஒதுக்கீடு பெற்ற சிலர் விற்றுவிட்டுப் போனார்கள் என்று குறைகள். 1990களுக்குள் உலக வங்கியும் இத்தகைய திட்டங்களில் ஆர்வத்தை இழந்துவிட்டது. ஆனால் மும்பையிலும் சென்னையிலும் இந்த மனைப்பிரிவுகளை இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தோல்வி என்று எழுதப்பட்ட இடங்கள் வீடும் கடையும் மரமுமாக நிறைந்து, பல வருமானத்தினரும் வாழும் பகுதிகளாக ஆகியிருப்பதை அது பதிவு செய்தது. சித்தியின் வீடும் அப்படித்தான். முதலில் கீற்று, பிறகு ஆஸ்பெஸ்டாஸ், 1990களில் தளம், இப்போது மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம்.

"அப்ப ஏழைங்க விலை ஏறின அப்புறம் அங்க வாங்க முடியுமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். முடியாது. இன்று அரும்பாக்கத்தில் ஒரு சென்ட் வாங்க என் சம்பளமே போதாது. அந்தத் திட்டத்தின் நியாயமான குறை என்று நான் நினைப்பது, அதை ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தியதுதான். நகரம் விரிந்துகொண்டே போனது, மனையும் வசதிகளும் அதே வேகத்தில் போகவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் எங்கள் ஊர் மஞ்சள் கற்கள்.

திறக்கக் கூடாத நிலம்

நான்காவது பாடவேளையில் தெருப் பெயர்களை எடுத்துக்கொண்டேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடித்து தியாகராய நகர் எழுந்தது. முகப்பேரில் ஒரு பகுதிக்குப் பெயரே ஏரித் திட்டம். பொதுப் பணம் போட்டு நிலத்தைத் திறக்கும்போது, எந்த நிலம் என்பதை யார் கேட்பது? ஏரியும் புறம்போக்கும் அரசிடமே இருப்பதால் வாங்கச் செலவில்லை, எதிர்ப்பு இல்லை. அதனால் அவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்பதைப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் கேட்டு வந்து சொன்னார்கள். பழைய வரைபடத்தில் நீலமாக இருந்த இடங்கள் பல அதில் இருந்தன.

எங்கள் ஊர்க் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டச் சொல்லிக் கேட்டேன், அன்போடு காட்டினார். புல வரைபடங்களை அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். வகுப்பில் புரொஜெக்டரில் போட்டு, அந்த மாணவி கொண்டுவந்த மனைப்பிரிவுத் தாளைப் பக்கத்தில் வைத்தோம். ஏரியின் மிகைநீர் வாய்க்கால் அந்த நகரின் நான்காவது தெரு வழியாகப் போகிறது. தாளில் அது 30 அடிச் சாலை. அவள் முழங்காலில் இருந்த சேறு எங்கிருந்து வந்தது என்று வகுப்புக்கே புரிந்தது.

பிறகுதான் அவள் அப்பாவின் கேள்விக்கு வந்தோம். முறையாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில், சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில் அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழி உண்டு. அங்கீகாரமே பெறாமல் விற்ற நகரில் தெரு இன்னும் பழைய நில உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். தன் பெயருக்கு வராத பாதையில் ஊராட்சி நிதியைச் செலவிடுவது எளிதல்ல. எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டியதன் காரணம் அதுதான். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 20.10.2016க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த அவை வழி செய்தன. அந்த நகரில் பாதிப் பேர் செய்திருந்தார்கள். மீதிப் பேருக்கு அது எதற்கு என்றே தெரியவில்லை.

இவ்வளவையும் நான் விளக்கியதைவிட, பிள்ளைகள் ஒரே பக்கத்தில் எழுதியது தெளிவாக இருந்தது. கேள்வி: ரோடு யார் போட வேண்டும்? பதில்: முதலில் ரோடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கீழே, தானப் பத்திரம் வாங்கித் தீர்மானம் போட வேண்டும் என்ற கோரிக்கை, வாய்க்காலை அடைக்காமல் நான்காவது தெருவில் சிறுபாலம் வேண்டும் என்ற குறிப்பு, கையால் வரைந்த வரைபடம். அந்தத் தாளை அவள் அப்பா ஜனவரி 26 கிராம சபையில் படித்தார். அவர் படிக்கும்போது ஓரிடத்தில் திக்கினார், மகள் பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

கிராம சபை தீர்மானம் நிறைவேற்றியது. நிலத்தை விற்றவர் இப்போது உயிரோடு இல்லை, மூன்று மகன்கள் வாரிசு. இரண்டு பேர் தானப் பத்திரத்தில் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் பெங்களூரில் இருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.